அனல்காத்தண்ணனின் பன்றிப் பொரியல்

காற்றிலேயே இறைச்சி பொரித்துக் காட்டிய மனிதர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மின்சாரப் பெட்டியை யாரோ வெளிநாட்டு எஞ்சினியர் கண்டுபிடித்தார் என்று நீங்கள் நம்பினால் தாராளமாக நம்பிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி கொழும்புக் கடைகளுக்கு வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, தொண்ணூறுகளின் கடைசியில், லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பேக்டரியின் பின்சுவர் ஓரம், ஒரு டீசல் பீப்பாவுக்குள் பன்றித் துண்டுகள் மொறுமொறுவென்று பொரிந்துகொண்டிருந்தன. பொரித்தவர் அனல்காத்தண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பேக்டரியின் கிளாக்கர் நான். தினமும் அவர் பெயரை எழுதியவனே நான். ஆனாலும் ஊரே அனல்காத்து என்று கூப்பிட்ட மனிதரை வேறு பெயரில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அவருக்கு வேலை டிரையரில். உருட்டிய கொழுந்தைச் சூடான காற்றில் காயவைத்துக் கறுப்புத் தேயிலையாக்கும் பெரிய இயந்திரம் அது. இருபது வருஷமாக அதைக் கட்டி மேய்த்ததில், உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் சூடான காற்றுதான் மருந்து என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். மூக்கடைப்பா, அனல்காத்து. புருஷன் பெண்டாட்டி சண்டையா, இரண்டு பேரையும் டிரையர் வாசலில் பத்து நிமிஷம் நிறுத்தினால் சரியாகிவிடும் என்பார்.

ஆனால் நிறுத்த விடமாட்டார். அங்கேதான் சிக்கல். தேயிலை பக்கத்தில் உள்ள வாசனையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டிரையர் அறைக்குள் வருகிற ஒவ்வொருவரையும் அவர் வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பார்.

"தலையில என்னா வச்சிருக்கீங்க, கிளாக்கரய்யா?"

"தேங்காயெண்ணெய்தான் அண்ணே."

"அப்ப அங்கயே நின்னு பேசுங்க."

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் அவரோடு ஏழடி தூரத்தில் நின்றுதான் பேசினேன். பேக்டரிக்கே பொறுப்பான டீமேக்கரய்யாவை ஒருநாள் வாசலில் மறித்து, "முட்டை" என்று ஒரே வார்த்தை சொன்னார். டீமேக்கரய்யா திரும்பிப்போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அவரும் இந்த விஷயத்தில் சாதாரண ஆளில்லை. "தூளுல வேற வாசனை அடிச்சிச்சினா, அதுக்குக் காரணமானவன் பேக்டரியவிட்டு வெளிய. திரும்ப உள்ள வர முடியாது" என்பது அவர் சட்டம். அந்தச் சட்டத்தை எல்லோரையும்விட அதிகமாகப் பாராட்டியவர் அனல்காத்தண்ணன்தான்.

இப்படிப்பட்டவர் பன்றிப் பொரியலில் எப்படி இறங்கினார் என்றால், ரோஸி அக்காவால். ரோஸி அக்கா அவர் மனைவி. கொழுந்து பறிப்பவர், நன்றாகச் சாப்பிடுபவர், சாப்பாட்டைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசுபவர். அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். எண்ணெயில் பொரித்த எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பன்றிப் பொரியல் என்றால் உயிரை விடுகிற அக்கா, அவித்ததையும் கஞ்சியையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார்.

ஒருநாள் அனல்காத்தண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். கண் இரண்டும் பளபளத்தன.

"கிளாக்கரய்யா, எண்ணெ இல்லாம பொரிக்கப்போறேன்."

"என்னத்தை?"

"பன்னியத்தான். அனல்காத்துல."

"அண்ணே, பன்றியிலேயே கொழுப்பு இருக்கே."

"டாக்டரு எண்ணெயத்தான் வேணாம்னாரு. பன்னியப்பத்தி ஒரு வார்த்த சொல்லலீங்க. அதோட, அந்தக் கொழுப்பெல்லாம் கீழ ஒழுகிடும்."

டிரையரில் வைப்பீர்களா என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோயிலுக்குள் செருப்போடு போகலாமா என்று கேட்டிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

தனியாக ஒரு பீப்பா தயாரானது. அடியில் கரி நெருப்பு, நடுவில் பழைய சல்லடைக் கம்பியில் செய்த கூடை, பக்கத்தில் ஓட்டை போட்டுப் பொருத்திய, கழித்துப்போட்ட ஒரு சின்ன மோட்டார் விசிறி. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், அந்தக் கரண்டுக்குப் பல்பு எரிவதே பெரிய விஷயம். அதனால் பீப்பா பேக்டரியின் பின்சுவருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேக்டரிக்கு லீவு. யாருக்கும் தொந்தரவு இல்லை.

முதல் ஞாயிறு இறைச்சி கரியானது. எது இறைச்சி, எது அடுப்புக் கரி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். இரண்டாம் ஞாயிறு விசிறியின் வேகம் கூடி, துண்டுகள் பீப்பாவின் வாய்வழியாக ஆகாயத்துக்குப் போயின. தோட்டத்து நாய்கள் அடுத்த ஒரு வாரம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடியே நடந்தன. மூன்றாம் ஞாயிறு வந்தது, காலில் போடுகிற சப்பாத்துத் தோல். நான் ஒரு துண்டை மத்தியானம் வரை மென்றேன்.

திங்கட்கிழமை காலை அவர் ஓடிவந்தார். உண்மையிலேயே ஓடிவந்தார்.

"நான் ஒரு மடையங்க. பச்சக் கொழுந்த நேரா டிரையர்ல போடுவோமா?"

"போடமாட்டோம்."

"மொதல்ல வாட்டுவோம். அப்புறம் உருட்டுவோம். அப்புறம் ஆறப்போடுவோம். கடைசிலதான் டிரையர். பன்னிக்கும் அதேதாங்க."

நாலாவது சனிக்கிழமை தோலோடு கூடிய இறைச்சியைக் கட்டைவிரல் அளவு துண்டுகளாக வெட்டி, இரவு முழுக்க லிந்துலைக் குளிர்காற்றில் கம்பி வலைக்குள் தொங்கவிட்டு வாட்டினார். விடிந்ததும் மிளகு, பூண்டு, உப்பு, புளிப்புக்குக் கொறக்கா, கொஞ்சம் கறுவாப்பட்டைத் தூள் சேர்த்து, தேயிலை உருட்டுவதுபோலவே உள்ளங்கையில் வட்டம் வட்டமாக உருட்டினார். இரண்டு மணி நேரம் ஈரத்துணியால் மூடி ஆறப்போட்டார். ஒன்பது மணிக்குக் கூடைக்குள் போட்டு விசிறியின் சுவிட்சைத் தட்டினார்.

ஐயோ, அந்த வாசனை. கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கூடைக்கடியில் வைத்த தகரத்தில் விழ, தோல் கொப்புளித்துப் பொன்னிறமாக வெடிக்க, நான் எச்சில் விழுங்குவதையே தொழிலாக வைத்திருந்தேன். இருபத்தைந்தாவது நிமிஷம் ஒரு துண்டை எடுத்து விரலால் தட்டினார். டக் டக் என்றது.

"கேட்டீங்களா? பேசுது" என்றார். இரண்டு பேரும் கைகோத்துக் குதித்தோம். கிளாக்கர் என்கிற மரியாதையெல்லாம் எனக்கு அப்போது ஞாபகமில்லை.

குதித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். புகை மேலே போகவில்லை. சாய்வாகச் சுவரை நோக்கிப் போய், ஓரிடத்தில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மேல்மாடியில் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். அதற்கான பெரிய விசிறிகள் வெளிக்காற்றை இழுப்பது அந்தச் சுவர் வழியாகத்தான். மற்ற மூன்று ஞாயிறும் அவை ஓடவில்லை. அன்றைக்குக் கொழுந்து மிதமிஞ்சி வந்ததால் பேக்டரி லீவில்லாமல் ஓடியது. அவருக்கே பின்னேரம் வேலை இருந்தது. பொரியல் சந்தோஷத்தில் இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கடைசித் தொட்டியில் மட்டும் கொழுந்து மிச்சமிருந்தது. ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார்.

"போச்சு."

நானும் மோந்தேன். பச்சைக் கொழுந்து வாசனைதான். அங்கே நின்ற ஆட்களும் மோந்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். "அண்ணே, பேசாம இருங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்று காதில் சொன்னேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு நேரே டீமேக்கரய்யாவிடம் போனார்.

"கடேசித் தொட்டிய மத்ததோட கலக்காதீங்கய்யா. பன்னி வாசன ஏறிருச்சு. நான்தான் கெடுத்தேன்."

டீமேக்கரய்யா வந்து மோந்தார். திரும்பவும் மோந்தார். "ஒனக்குப் பைத்தியமா? ஒன்னும் இல்லையே" என்றார். இவர் விடவில்லை. கெஞ்சி, சண்டை பிடித்து, அந்தத் தொட்டிக் கொழுந்தைத் தனியாக உருட்டி, தனியாகக் காயவைக்க வைத்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு வெள்ளைக் கிண்ணத்தில் தேநீர் வந்தது. டீமேக்கரய்யா ஒரு கரண்டி உறிஞ்சினார். முகம் மாறவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவதில் புருவம் ஏறியது.

"மிளகு" என்றார் மெதுவாக. "பூண்டும் இருக்கு."

"கடேசில கறுவா வருதா பாருங்கய்யா" என்று அனல்காத்தண்ணன் ஆவலாகக் கேட்டார். வந்தது. "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" என்று அந்த மனுஷன் என் முதுகில் அடித்துச் சிரிக்கிறார். தன் மூக்கு ஜெயித்த சந்தோஷத்தில், வேலை போகப்போவது அவருக்கு உறைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

டீமேக்கரய்யா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு, "நீ சொல்லாட்டி இத மத்த தூளோட கலந்திருப்பேன். எல்லாம் நாசமாயிருக்கும்" என்றார். "ரெண்டு வாரத்துக்கு டிரையர் பக்கம் வராத. மலைக்குப் போயி புல்லு வெட்டு. அதுக்கப்புறம் வா."

என் உயிர் திரும்பி வந்தது. டீமேக்கரய்யா அதோடு நிற்காமல், சாட்சியைப் பார்க்க வேண்டும் என்றார். பின்சுவருக்குப் போய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். விசாரணைக்கு இன்னொன்று தேவைப்பட்டது. மூன்றாவதுக்குக் கை நீண்டபோது அனல்காத்தண்ணன் கூடையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கய்யா. இது அவளுக்கு."

பீப்பாவில் ஐந்து நிமிஷம் மறுபடி சூடு காட்டி, இலையில் சுற்றிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். நானும் கூடப்போனேன். ரோஸி அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு துண்டை எடுத்துச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கடித்தார். கறுக் என்ற சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"உப்புக் கொஞ்சம் கூடிருச்சு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் எடுத்தார்.

அனல்காத்தண்ணனோ, அக்கா சாப்பிடுவதைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷனை எப்போதுமே பிடிக்கும். அன்றைக்கு, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்கிற அளவுக்குப் பிடித்தது. என் தலையில் எண்ணெய் இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.