தாடிக்கார டைரக்டருக்காக நான் கைதான கதை

நான் ஒருமுறை கைதாகியிருக்கிறேன். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் ஊர் ஊராக மறியல் நடந்த காலம். போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டார்கள். இதைச் சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்த மரியாதையை நான் இரண்டு நிமிடம்கூட அனுபவித்ததில்லை. எங்கள் வீட்டு ஆள் யாராவது பக்கத்திலிருந்து, "எதுக்குன்னு சொல்லு" என்பார்கள்.

சொல்கிறேன். ஒரு ஜப்பான்காரருக்காக.

அவர் அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், எடுக்கிற டைரக்டர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் எவனாவது சண்டைக்கு வருவான், நானும் போய்விடுவேன். தாடிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராட்சத ரோபோவுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டிச் சண்டை போடுகிற தொடர்கள் எடுப்பவர். அவருக்கு முன்னால் அந்த ரோபோக்கள் சாமி மாதிரி. பளபளவென்று வரும், அடிக்கும், மேலே ஒரு கீறல் விழாது. தாடிக்காரர்தான் ரோபோவுக்கு ஆயில் ஒழுக விட்டார். நடுவழியில் நிற்க வைத்தார். மெக்கானிக்குகள் திட்டிக்கொண்டே அதைப் பிரித்து மாட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைக் காப்பியடித்தார்கள்.

பிறகு அவரே அதைக் கெடுத்தார். கடைசி எபிசோடில் ஊர் பற்றி எரிகிறது. ஹீரோவும் எதிரியும் ரோபோக்களை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஊர் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. பாதி ரசிகர்கள் மேதை என்றார்கள். மீதிப் பாதி செருப்பைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் அவர் எடுத்த எதுவும் ஓடவில்லை. பேட்டி கொடுக்கும்போதெல்லாம் ரசிகர்களைத் திட்டினார்.

நான் மேதைக் கட்சி. ஜாபர் செருப்புக் கட்சி. ஜாபர் கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச். இருவரிடமும் டிப்ளமோ இருந்தது, டேட்டா இருந்தது, வேலை மட்டும் இல்லை.

என் தங்கச்சி கலைக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சிங் காலேஜில் சீட்டு வந்திருந்தது. சேர அன்றுதான் கடைசி நாள். முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். அங்கே போய்ப் பார்த்தால் பையில் ஜாதிச் சான்றிதழின் அசல் இல்லை. (லேமினேட் பண்ணித் தருகிறேன் என்று முந்தின நாள் அதை எடுத்தவன் நான். திரும்ப வைக்காதவனும் நான்.) போன் செய்தாள்.

"அண்ணா, நாலு மணிக்குள்ள அசல் வரணுமாம். இல்லன்னா அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடுவாங்களாம். எட்த்துக்கினு வந்துடு, ண்ணா."

மணி பதினொன்று. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பைக்கில் அரை மணி நேர வழி. அணை பார்க்க வந்திருந்த ஜாபரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும்போதே தாடிக்காரரைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது.

பாதி வழியில் மறியல். கரும்பு டிராக்டரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, நூறு பேர் தார்ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் ஏழுமலை. ஜேசிபி ஓட்டுகிறவர். எங்களை நிறுத்தினார்.

"எங்கபா போறீங்க?"

"தங்கச்சிக்கு காலேஜ் சீட்டுண்ணே. ஜாதி சர்டிபிகேட்டு குடுக்கணும். நாலு மணிக்குள்ள."

அவர் எழுந்தே விட்டார். "யோவ், டிராக்டர நவுத்துங்கய்யா! புள்ள படிப்பு விசயம். இதுக்குத்தான் வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்கோம்!"

டிராக்டர் நகர்ந்தது. கூட்டம் கால்களை மடக்கி வழிவிட்டது. ஒருவர் கை தட்டினார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். வழி விட்டார்கள். எந்தத் தடையும் இல்லை. நான் பைக்கை உதைத்தேன், கிளம்பியது. அப்போதுதான் பின்னாலிருந்து ஜாபர் சொன்னான்:

"ஒங்காளு மேதையெல்லாம் இல்லடா. கடைசில காசு தீந்துபோச்சு. பேசியே ஒப்பேத்திட்டான்."

நான் பைக்கை அணைத்தேன்.

ஸ்டாண்டும் போட்டேன். ஓடுகிற வண்டியில் திரும்பிக் கத்தியிருக்கலாம். காலேஜ் வாசலில் போய்க் கத்தியிருக்கலாம். அன்றைக்கு நானாக இருந்த அந்த மடையனுக்கு அது தோன்றவில்லை. காசு தீர்ந்து எடுத்தது அல்ல, வேண்டுமென்றே எடுத்தது என்று நடுரோட்டில் நின்று நிரூபிக்க ஆரம்பித்தேன். காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்த கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது.

"இன்னாபா சண்டை?" என்றார் ஏழுமலை.

சொன்னேன்.

"அந்த ரோபோவுக்கு டீசல் யாரு ஊத்தறது? ஹைட்ராலிக் புட்டுக்கிச்சுன்னா யாரு பாக்கறது?"

"அத மொதமொதல்ல காட்டுனதே எங்காளுதாண்ணே!"

"அப்ப தொழில் தெரிஞ்சவரு" என்று தீர்ப்புச் சொன்னார். நான் ஜாபரைப் பார்த்துச் சிரித்தேன்.

ஜாபர் விடவில்லை. "இதக் கேளுங்கண்ணே. இவுரு ரோபோ ஓட்டற பையன ஒரு வாட்டி அழவுட்டாரு. அதுக்கப்புறம் எவன் தொடர் எடுத்தாலும் உள்ள ஒக்காந்துக்கினு ஒரு பையன் அழுதுக்கினே இருக்கான். சண்டை கம்மி, அழுவ ஜாஸ்தி. ரோபோ தொடருங்கற வகையையே நாசம் பண்ணிட்டான்."

"வண்டி ஓட்டறவன் அழுவக்கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"யோவ், லோடு கவுந்தப்ப நீ அழுவல?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அதற்குமேல் அது என் சண்டையாகவே இல்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆதாரம் காட்டுகிறேன் என்று நான் செல்போனில் கடைசி எபிசோடைப் போட்டேன். ஒரு செல்போனுக்கு மேல் இருபது தலைகள். ஊர் எரியத் தொடங்கும்போது கலையின் போன் வந்தது. கட் செய்தேன். மறுபடி வந்தது. கட் செய்தேன். மூன்றாம் முறை ஏழுமலையே, "அப்புறம் பேசுபா, நல்ல எடத்துல போயிக்கினு இருக்குது" என்றார். அதையும் கட் செய்தேன். எபிசோடு முடிவதற்குள் பேட்டரி செத்தது.

போலீஸ் வந்ததை நான் பார்க்கவில்லை. மறியல் செய்தவர்களுக்கு வழக்கம் தெரியும். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, அவர்களே வரிசையாக வேனில் ஏறினார்கள். நான் மட்டும் ஜாபரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்தார்.

"சார், நான் மறியல் இல்ல சார்."

"மத்தவங்கல்லாம் கம்முனு ஒக்காந்துக்கினு இருந்தாங்க. வந்ததுலேர்ந்து நீ ஒருத்தன்தான் கத்திக்கினு இருக்க. ஏறுங்க தலைவரே."

ஏழுமலை வேனிலிருந்து எட்டிப் பார்த்து எனக்காகப் பேசினார். "சார், அந்தத் தம்பிய வுட்டுடுங்க. தங்கச்சி சீட்டு விசயமா போறாரு. நாங்களே வழிவுட்டோம்."

"வழிவுட்டீங்களா? அப்புறம் ஏன்யா போவல?"

நான் வேனில் ஏறினேன்.

ஜாபரையும் என்னோடு ஏற்றிவிட்டார்கள். மண்டபத்தில் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். பெயர் எழுதியாயிற்று, இன்ஸ்பெக்டர் வந்தால்தான் வெளியே விட முடியும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் அடுத்த மறியலுக்குப் போயிருந்தார். நான் கெஞ்சினேன். கதவைத் தட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. ஜாபர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் அவனை அடிக்கப் போனேன். உன்னால்தான் என்றேன். "ஸ்டாண்டு போட்டது யாருடா?" என்றான். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றரைக்கு இன்னொரு வேன் வந்தது. சின்னசேலம் பக்கம் மறியல் செய்தவர்கள் கோஷம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். அதில் எங்கள் அப்பா. பிள்ளைகளுக்குப் படிப்பில் இடம் வேண்டும் என்று விடியற்காலையிலேயே சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பாலிடெக்னிக் பாஸ் செய்தபோதுகூடப் பார்த்ததில்லை. வந்து என் தோளில் கை போட்டார்.

"எம் பையன்" என்று நாலு பேரிடம் சொன்னார். "நான் கூப்புடவே இல்ல. தானா வந்துருக்கான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கலை எனக்கும் போன் பண்ணா. சர்டிபிகேட்டு குடுத்துட்டுத்தான வந்த?"

சான்றிதழ் இருந்த பை என் மடியில் இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஏழுமலை நல்ல எண்ணத்தோடு முந்திக்கொண்டார். "இல்லீங்க. ஒரு ஜப்பான்காரரு விசயமா பேசிக்கினு இருந்தாரு தம்பி. அதுல லேட்டாயிடுச்சு."

அப்பா பையைத் திறந்தார். சான்றிதழை எடுத்துப் பார்த்தார். லேமினேஷன் நன்றாக வந்திருந்தது. கை ஓங்குவார் என்று நினைத்தேன், ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கதவருகே போய், கான்ஸ்டபிளிடம் நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சார், ஆறு மணிக்கு எங்கள வுட்டுடுங்க. இவன வுடாதீங்க."

சீட்டு போய்விட்டது. நாலு மணிக்கு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டி, "போனக் குடு" என்றாள். கொடுத்தேன். ஒரு வருஷம் அது அவளுடையதாக இருந்தது. அவள் படிப்பில் அந்த ஒரு வருஷத்தை நான் கெடுத்தேன். இதில் நகைச்சுவை எதுவும் இல்லை. அந்த மடையனைப் பிடித்து நாலு அறை விட இன்றைக்கும் என் கை அரிக்கிறது.

வீட்டில் கிடந்த அந்த நாட்களில் அவள் தாடிக்காரரின் தொடரை முழுதாகப் பார்த்தாள். பின்னால் எடுத்த ஓடாத தொடர்களையும் விடவில்லை. அடுத்த வருஷ சீட்டு கிடைத்த அன்று ஜாபர் மிட்டாய் டப்பாவோடு வீட்டுக்கு வந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டே அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஜாபரண்ணா, அந்தாளு மேதைதான். ஊரு எரியறப்ப ஒருத்தன் ஒக்காந்து பேசுவானான்னு நானும் மொதல்ல திட்டுனேன். பேசுவான். நம்ம வூட்லயே ஒருத்தன் இருக்கான்."

ஜாபர் மிட்டாய் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். "ஒத்துக்கறேன்" என்றான். இப்படித்தான் நான் அந்த வாதத்தில் ஜெயித்தேன்.

கலை இப்போது கல்வராயன் மலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். போன மாதம் மலைமேல் ஒரு டிராக்டரைச் சரி செய்யப் போனபோது துருப்பிடித்த தகடு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்ட அவளிடம் ஓடினேன். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவள் ஊசியில் மருந்தை ஏற்றினாள். என் கையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்:

"இப்பவே போட்டுக்கறியா, இல்ல இருபது நிமிசம் பேசிட்டு வரியா?"