சொசேஜ் விரலும் நாவுல சம்பந்தமும்

வீட்டில் "மூளைக்காரன்" என்று பெயரெடுத்த பிள்ளையைப் போல ஆபத்தான ஜென்மம் உலகத்தில் கிடையாது. பழுதான ரேடியோவை அவனிடம்தான் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அது ரேடியோவாக இருக்காது. ஆனாலும் பெயர் மட்டும் போகாது. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு இருந்தது. (இறந்தகாலத்தைக் கவனிக்கவும்.)

மாத்தளை டவுனில் வாப்பாவுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை. நான் அலுவிகாரைப் பக்கம் ஒரு நிறுவகத்தில் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மெஷின் செய்து கண்காட்சியில் வைக்க வேண்டும். சனங்களுக்குப் பிரயோசனமாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கும் சேர் சொல்லியிருந்தார். லக்கலையிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள், யானை வேலியைத் தொட்டால் அலறும் மணி செய்தார்கள். நானும் என் கூட்டாளி குமரனும் நாட்டு நலனைப் பற்றி ஆழமாக யோசித்து, போனில் கேம் விளையாடும் ரோபோ செய்வதென்று முடிவெடுத்தோம். (வகுப்பில் மேசைக்குக் கீழே எப்படியும் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தோம். அந்த வேலையை மெஷினிடம் கொடுத்துவிட்டால் நாங்கள் பாடத்தைக் கவனிக்கலாமே!)

சின்னப் பிள்ளையும் ஆடக்கூடிய கேம்தான். திரையில் மேலிருந்து கறுப்புக் கட்டங்கள் நாலு வரிசையாக இறங்கி வரும். அவற்றைத் தட்ட வேண்டும். வெள்ளையில் தட்டினால் ஆட்டம் முடிந்தது. எங்கள் ரோபோவுக்கு நாலு விரல்கள், ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கண். கண்ணுக்குக் கறுப்புத் தெரிந்தால் விரல் தட்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. என்னுடையதும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது.

முதலில் விரலுக்கு இரும்பு ஆணி வைத்தோம். என் போனின் திரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. மரக்குச்சி வைத்தால் போன் திரும்பியே பார்க்கவில்லை. போனுக்கு ஈரமும் சதையும் உள்ள விரல் வேண்டும். அதற்கு எங்கே போவது? ஒருநாள் பசியோடு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உம்மா வாங்கி வைத்திருந்த கோழி சொசேஜ் கண்ணில் பட்டது. ஒன்றை எடுத்து உம்மாவின் போனில் தட்டிப் பார்த்தேன். போன் திறந்தது! பெரிய விஞ்ஞானியாகிவிட்ட சந்தோஷத்தில் குசினிக்குள் துள்ளினேன்.

"சோத்துக்கு வெச்ச சாமான எடுத்துப் போனுக்கு ஊட்டுறியா? ஒனக்குப் பைத்தியமாடா?" என்றார் உம்மா.

நாலு சொசேஜ் துண்டுகளைக் கம்பியில் குத்தி ரோபோவில் மாட்டினேன். அவசரத்தில் கரண்ட் சுவிட்சை எங்கே வைத்தேன் தெரியுமா? அந்த விரல்களுக்குப் பின்னால். நிறுத்த வேண்டுமென்றால் சொசேஜ்களுக்கு நடுவே கைவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மூளைக்காரன் அல்லவா!

கண்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை. "மச்சான், வெள்ளிக்கிழமை நான் மரக்கறிதான். பின்னேரம் கோயிலுக்கும் போகணும். அந்த விரல நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றான் குமரன். "நீ தொட வேணாம், பக்கத்துல நில்லு, போதும்" என்றேன்.

இனி வீட்டு நிலவரம். எனக்கு மூத்தவள் ஸுமையா ராத்தா, கணித டீச்சர். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். உயரம் கூட என்றார்கள், வயது கூட என்றார்கள், ஒரு மாமி பேச்சுக் கூட என்றார். கடைசியாக நாவுலயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா அங்கே மரக்கறி மொத்த வியாபாரி. எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் முகம். மகனோடு வந்தார், உம்மாவின் வட்டிலப்பத்தை ஒன்றும் சொல்லாமல் தின்றார், "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய முடிவு சொல்றேன்" என்றார், போய்விட்டார்.

ஆனால் மாப்பிள்ளை ராத்தாவிடம், பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கு கஷ்டம் என்று கேட்டாராம். அதுவரை வந்த எவரும் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள் போன பிறகு ராத்தா பின்னங்களைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

என் போன் ஏற்கெனவே நொறுங்கிவிட்டது. உம்மாவின் போனும் குமரனின் போனும் நாலு விரலுக்கு அகலம் காணாது. மிஞ்சியது வாப்பாவின் போன்.

"ஹாஜியார் இந்தப் போனுக்குத்தான் பேசுவாரு. ஜும்மாவுக்கு முந்தி என்ட கையில ஈக்கணும்" என்று நீட்டினார் வாப்பா.

கேற்றடியில் ராத்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இர்பான், இந்த முறை எனக்கும் விருப்பம்டா. போன பத்திரமாப் பாத்துக்க."

"மூளைக்காரன் கையில குடுத்திருக்கீங்க, பயப்படாதீங்க" என்றேன். சொன்ன வாயை இன்றைக்கும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

பிரதம அதிதி வந்ததும் நேரே எங்கள் மேசைக்கு வருவார் என்ற நம்பிக்கையில் ரோபோவை முன்கூட்டியே ஓட விட்டேன். திரையில் வெள்ளைப் பக்கம் இருந்ததால் அது நல்ல பிள்ளையாகச் சும்மா நின்றது. குமரனைக் காவலுக்கு வைத்தேன். நான் உயரம் என்பதால், மேடையில் விளக்கேற்றும்போது எண்ணெய்த் தட்டைப் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்திருந்தது.

விளக்கு ஏற்றுவது வீடியோவில் அழகாக விழ வேண்டுமென்று மண்டபத்து லைட்டுகளை அணைத்தார்கள். இருட்டைக் கண்டதும் வாப்பாவின் போன் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டது. குறைந்ததும் ரோபோவின் கண்களுக்கு உலகமே கறுப்பாகத் தெரிந்தது. டக். டக். டக் டக் டக்.

திரி பிடித்ததும் தேசிய கீதம். லைட்டுக்குப் பொறுப்பானவனும் அப்படியே அட்டென்ஷனில் நின்றுவிட்டான். ஸ்பீக்கர் சத்தத்தில் ரோபோவின் சத்தம் எடுபடவில்லை. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்போது அறிவிப்பாளர் கனிவான குரலில், "நாட்டுக்காக உயிர்நீத்த அனைவருக்காகவும் இரண்டு நிமிட மௌனம்" என்றார்.

மண்டபம் முழுக்கத் தலை குனிந்தது. டக் டக் டக் டக்.

இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேடையில், தட்டும் கையுமாக, அசைய முடியாமல் நான். கீழே ரோபோ பக்கத்தில் குமரன். "நிறுத்துடா" என்று கண்ணால் சொன்னேன். அவன் சொசேஜைப் பார்த்தான், மேலே பார்த்தான், கண்ணால் "வெள்ளிக்கிழமை" என்றான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், பிறகு கண்ணாலேயே கெட்ட வார்த்தையில் ஏசினேன். பிரதம அதிதிக்குப் பக்கத்தில் நின்ற சேர், குனிந்த தலையை நிமிர்த்தாமலே என்னை முறைத்தார்.

மௌனம் முடிந்ததும் தட்டை வைத்துவிட்டுப் பாய்ந்தேன், கம்பிகளைப் பிய்த்தேன். போனை எடுத்துப் பார்த்தேன்.

தாறுமாறாகத் தட்டியதில் ஆட்டம் உடனே தோற்றிருக்கிறது. தோற்றால் அந்தக் கேம் "நண்பருக்கு அனுப்பு" என்றொரு பொத்தானைக் காட்டும். அது மூன்றாம் விரலுக்குக் கீழே. அடுத்து வரும் பெயர்களில் கடைசியாகப் பேசியவர் முதலில் நிற்பார். அது ஹாஜியார். அனுப்பியதும் கேம் மறுபடி தொடங்கும், மறுபடி தோற்கும், மறுபடி அனுப்பும். வாப்பாவின் போன் தமிழில் இருந்ததால், எந்த மெஷினோ மொழிபெயர்த்த செந்தமிழில், வரிசை வரிசையாக, ஹாஜியாருக்கு இப்படிப் போயிருந்தது:

"என் புள்ளி 3. உன்னால் முடியுமா? துணிவிருந்தால் மோதிப் பார்!"

எல்லாவற்றிலும் நீல டிக். மனுஷன் வாசித்துவிட்டார்.

"அழிச்சிரு மச்சான்" என்றான் குமரன். அழித்தால் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று அங்கே வரிசையாக நிற்கும். சண்டைக்கு இழுத்ததுமல்லாமல் பிறகு ஒளித்துக்கொண்டதாகவும் ஆகும். "மன்னிக்கவும், இது வாப்பா இல்லை, சொசேஜ்" என்று எழுதிப் பார்த்தேன். வாசிக்க இன்னும் கேவலமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

சேர் வந்து சிங்களத்தில் சொன்னார்: "மகன், மௌன அஞ்சலியில் பேசிய முதல் மெஷின் இதுதான். பாஸ் போடுறேன். தயவுசெய்து இதை எடுத்துட்டுப் போங்க."

போனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு ஜும்மாவில் நான் கேட்ட துஆ வானத்து மலக்குகளுக்கே பாவமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் வாப்பா முன் அறையில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஹாஜியாருக்கு 'உன்னால் முடியுமா'ண்டு கேட்டிருக்கேனாடா நான்? அதுவும் மூண எடுத்துப்போட்டு! மோதுறதுண்டா ஒரு முன்னூறாவது எடுத்துப்போட்டு மோத வேணாமா?"

உம்மா, "யா அல்லாஹ், வட்டிலப்பமெல்லாம் வீணாப் போச்சே" என்று சுவரில் சாய்ந்தார்.

ராத்தா ஏசவில்லை. கதவு நிலையில் நின்று, "எனக்கு இந்த எடம் நல்ல விருப்பமா இருந்திச்சு இர்பான்" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. நாலு அடி அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைவிடக் கேவலமான ஒருவன் இருக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை வரை போன் பேசவில்லை. பிறகு 'டிங்' என்றது. ஹாஜியாரிடமிருந்து ஒரு படம். வார்த்தையே இல்லை. அந்தக் கேமின் திரை, அதில் 41.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 57. பிறகு 83.

"இது என்ன, ஓமா, இல்லையா?" என்றார் வாப்பா.

"மூணு தரம் அனுப்பியிருக்காரு. இல்லண்டா ஒரு தரம் போதும்தானே?" என்றார் உம்மா.

"அந்த மனுஷன் கத்தரிக்காய் விலையைக்கூட ஒரு தரத்துக்கு மேல சொல்ல மாட்டாரு. இது கோவம்."

ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். அவள் விரல் போன வேகத்தை நான் எந்த மெஷினிலும் கண்டதில்லை. 212. யாரையும் கேட்காமல் அதை ஹாஜியாருக்கு அனுப்பிவிட்டுப் போனை வாப்பாவின் மடியில் வைத்தாள்.

"அடியேய்!" என்றார் உம்மா.

போன் அடித்தது. வாப்பா ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இந்த எரநூத்திப் பன்ரெண்டு நீங்க எடுத்ததா?"

"வஅலைக்கும் ஸலாம். இல்ல ஹாஜியார்... அது மகள். காலையில வந்தது வந்து, இந்தப் பொடியன்ட மெஷின், மன்னிச்சுக்கோங்க..."

"மெஷின் கெடக்கட்டும். ஜும்மா முடிஞ்சி வந்து கடையையும் தொறக்காம வெளையாடினேன், எம்பத்தி மூணத் தாண்ட ஏலாமப் போச்சு. நிக்காஹ்வ எப்ப வெக்கலாம்?"

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழத் தொடங்கினார்.

"மகள்ட்ட போனக் குடுங்க கொஞ்சம்" என்றார் ஹாஜியார். "ரெண்டு கட்டம் ஒண்டா வந்தா எப்பிடித் தட்டுறண்டு கேக்கணும்."

நிக்காஹ் நடந்தது. ராத்தா இப்போது நாவுலயில் இருக்கிறாள், அங்கேயும் கணக்குத்தான் படிப்பிக்கிறாள். மாமனாரும் மருமகளும் நோன்பு மாதம் தவிர மற்றெல்லா நாளும் போட்டி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் என் பெயர் இர்பான் இல்லை, "மூணு". புதிதாக யார் வந்தாலும் முழுக் கதையையும் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். வாப்பா சொன்னால் சொசேஜ் எட்டாகும், மௌனம் அஞ்சு நிமிடமாகும்.

புருஷன் பெண்சாதி என்றால் சண்டை வராமல் இருக்குமா? வந்தால் ராத்தாவின் முதல் போன் எனக்குத்தான். "எல்லாம் ஒன்ட மெஷினாலதான்டா!" என்று ஏசுவாள். அவள் வைத்ததும் மச்சான் எடுத்து அதையே சொல்லுவார். சமாதானம் ஆனதை எனக்கு யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் மெஷினும் ஞாபகம் வராது, மச்சினனும் ஞாபகம் வராது.

இந்த மாதம் முழுக்க இரண்டு பேரிடமிருந்தும் ஒரு போன் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.