பிணத்தின் வயிற்றெரிச்சல்

"அவனைக் கொன்னுடணும்யா. இன்னிக்கே," என்றார் ஆர்வில்.

கதாசிரியர் மோ டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எத்தனாவது ரீல்ல சார்?"

"அடுத்த சீன்லயே."

ஹாலிவுட்டில் அந்த வருஷம் தடுக்கி விழுந்தால் கொள்ளைக்கூட்டப் படம்தான். அதில் இவர்கள் எடுத்தது சிரிப்புப் படம், இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆர்வில்தான் கூட்டத்தலைவன். அவர் மனைவி ஹேஸல், படத்தில் தலைவனின் காதலி. டெக்ஸ்டர் என்கிற ஒல்லிப் பயல் எடுபிடி அடியாள். ஆர்வில் கையெழுத்துப் போடாமல் கதையில் ஒரு வரியை மாற்றக்கூடாது என்பது ஒப்பந்தம். அவ்வளவு பெரிய நட்சத்திரம்.

வினை எங்கே வந்ததென்றால், ஹேஸல் சிரித்தாள். டெக்ஸ்டர் தொப்பியைக் கீழே போட்டாலும் சிரித்தாள், குனிந்து எடுத்தாலும் சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஆர்வில் அடித்த ஜோக்குக்கு அவள் ஒரு தடவைகூட இப்படி மூச்சுத் திணறியதில்லை. தன்னை விட்டுவிட்டு அவனோடு போய்விடுவாளோ என்ற பயத்தில் மனுஷனுக்குக் காலையில் முட்டைகூட உள்ளே இறங்கவில்லை.

மோ கொன்றார். மறுநாள் டெக்ஸ்டர் குண்டடிபட்டு விழுந்தான். விழுந்தவனை மடியில் போட்டுக்கொண்டு ஹேஸல் அழ வேண்டும். அழுதாள். தலையைக் கோதினாள், கன்னத்தோடு கன்னம் வைத்துத் தேய்த்தாள். பிணத்துக்குக் கூச்சம் தாங்காமல் வயிறு குலுங்கியதில் ஒன்பது டேக் போயிற்று. ஒன்பது டேக்கும் அதே மடிதான்.

ஆர்வில் மோவிடம் ஓடினார். "யோவ், அவனுக்கு உசிரு குடு."

"இப்பத்தானே சார் கொன்னோம்?"

"எழுப்புய்யா. எழுப்பி ரெண்டு பேருக்கும் சண்டை வை. ஜென்மப் பகையா இருக்கணும்."

பகை நன்றாகவே வந்தது. ஹேஸல் டெக்ஸ்டரைப் பளாரென்று அறைந்தாள். அறைந்த கையாலேயே அவன் கன்னத்தைத் தடவி, "ரொம்ப வலிக்குதாடா?" என்றாள். அது கதையில் இல்லை. டைரக்டர் தொடையைத் தட்டிக்கொண்டு, "இதுதாம்மா வேணும். அப்படியே ஒரு முத்தமும் குடுத்துடு," என்றார்.

ஆர்விலுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மத்தியானம் கேன்டீனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"அவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டே நீ?"

ஹேஸல் சாண்ட்விச்சை மென்றுகொண்டே யோசித்தாள். "செத்தப்போ எவ்வளவு அழகா இருந்தான் தெரியுமா? எனக்கு அழுகை தானா வந்துச்சு. நீதான் எந்தப் படத்துலயும் சாகவே மாட்டேங்கறியே. உனக்காக நான் எங்க அழறது?"

அது ஆர்விலுக்குச் சுருக்கென்று தைத்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

"யோவ் மோ, நான் சாகறேன்."

"சார், நல்லா யோசிச்சுக்கோங்க. தலைவனே போயிட்டா..."

"அவ என்னைப் பாத்து அழணும்யா. அதை அந்த ஒல்லிப் பய பக்கத்துல நின்னு பாக்கணும்." நின்றபடியே கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் சவப்பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்தார் ஆர்வில். லில்லிப் பூ ஒன்று மூக்கைக் குடைந்தது, பொறுத்துக்கொண்டார். ஹேஸல் மேலே விழுந்து கதறினாள். விளக்குப் பிடிப்பவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். ஆறு வருஷத்தில் ஆர்வில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரே டேக்கில் ஓகே.

"அற்புதம்," என்றார் டைரக்டர். "இனிமே ஹேஸல்தான் கூட்டத்துக்குத் தலைவி. டெக்ஸ்டர் அவகூடவே சுத்தறான். மிச்சம் அஞ்சு ரீலும் இவங்க ரெண்டு பேர்தான்."

பிணம் எழுந்து உட்கார்ந்தது. "அப்ப நானு?"

"நீங்கதான் செத்துட்டீங்களே சார். கையெழுத்துகூடப் போட்டாச்சு. வீட்டுக்குக் கிளம்பலாம்."

"யோவ் மோ, எனக்கு உசிரு குடுய்யா."

மோ தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பார்த்து விளம்பரம் எழுதுகிற பெயின்டர், ஈரம் காயாத போஸ்டர் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஹேஸலிடம் வந்தார்.

"மேடம், ஷூட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரமே சொல்லி வெச்சீங்களே, அது ரெடி. மேல பெருசா உங்க பேரு, அடுத்தது டெக்ஸ்டர், அடியில பொடி எழுத்துல 'பிணமாக ஆர்வில்'. எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்கா பாருங்க."