எங்கள் ஊரில் ரயில் நின்றதே இல்லை

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தல் ஷௌக்கிலிருந்து மெல்ஹெம் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க ஆண்டவர் அருளட்டும். இந்த வயதில் எழுத்துக் கற்று, என் கையால் நானே எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துகள் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றைவிட இன்று நேராக நிற்கின்றன.

தாங்கள் பெய்ரூட்டிலிருந்து ஹனாதி என்றொரு பெண்ணை அனுப்பியிருக்கிறீர்கள். எங்கள் பழைய ரயில் சந்திப்பின் வரலாற்றை எழுதப்போகிறாளாம். வரலாறு எழுத வந்தவளுக்கு என் கோழிகள் குடியிருக்கும் ரயில் சரக்குப்பெட்டி எதற்கு? சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறாள். சண்டைக் காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிக்குக் கதவு வைத்தவன் நான். இன்று வரலாறு என்பீர்கள், நாளை அருங்காட்சியகம் என்பீர்கள், அப்புறம் என் கோழிகள் தெருவில் நிற்கும். அதனால் வீடு வீடாகப் போய், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்.

"மாமா, மலை தாண்டி வர்ற சின்ன ரயிலும் அலெப்போ போற பெரிய ரயிலும் இங்கதானே சந்திச்சுது?" என்று கேட்டாள் ஹனாதி.

"ரயிலா? இங்க கழுதைகூட நின்னதில்லம்மா."

"அப்ப நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கிறது என்ன?"

திரும்பிப் பார்த்தேன். இன்ஜின்.

"இதுவா? யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க."

காபியோடு வந்த என் மனைவி வதியா சிரித்துவிட்டாள். "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீங்க பொறந்ததே அந்தக் காத்திருப்பு அறையிலதானே!"

அதை நம்பாதீர்கள் ஐயா. என் தாய் பிரசவத்துக்காகப் பெரிய ரயில் போகும் ஹமா ஊருக்குக் கிளம்பியது உண்மை. பனியில் சின்ன ரயில் தாமதமானதும் உண்மை. இரண்டு தண்டவாளத்துக்கும் அகலம் வேறு என்பதால் மூட்டை, ஆடு, கிழவர் எல்லாமே இறங்கி எதிர்மேடை ஏற வேண்டும், பாதி வழியில் அம்மாவுக்கு வலி எடுக்க, பெரிய ரயில்காரன் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டான், அடுத்த ரயிலுக்குள் நான் வந்துவிட்டேன், எங்கள் குடும்பமும் இங்கேயே தங்கிவிட்டது. சின்ன லைன் சுமைகூலிகளும் பெரிய லைன் சுமைகூலிகளும் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பெரிய லைன் வீட்டு வதியாவைச் சின்ன லைன்காரனான நான் கட்டியபோது இரு வீட்டாரும் ஒரே மேடையில் நிற்க மறுத்து, பாதிரியார் கீழே தண்டவாளத்தில் நின்று இரு பக்கமும் கத்திக் கத்தித் திருமணம் செய்துவைத்தார். ஆனால் ரயில் வந்தது என்பதற்கு இதெல்லாம் ஆதாரமா? எதையும் அச்சிட வேண்டாம்.

தங்கள் மேசையில் ரொட்டியும் விருந்தாளியும் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மெல்ஹெம்

பின்குறிப்பு: வதியாவுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மறுபடி எழுத உட்கார்ந்தால் திராட்சை பறிக்கும் காலம் வந்துவிடும்; கிழிக்கவும் மனம் வரவில்லை. முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். வதியா கோழிகளைப் பெட்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறாள். அருங்காட்சியகத்துக்குப் பெட்டியை எடுக்க எந்த நாள் வருவீர்கள் என்பதை ஆளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். கடிதம் போடுங்கள், நானே படித்துக்கொள்வேன்.