லாட்டு துரைக்கு நான் கொள்ளி வைக்கப் போன கதை

கையில் காசில்லாதபோது மனிதனுக்கு முதலில் வேண்டியது சோறு அல்ல. திட்டுவதற்கு ஓர் ஆள். அந்த ஆள் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ அவ்வளவு வசதி. திருப்பி அடிக்க மாட்டான். இதை நான் இருபது வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். (கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.)

அப்போது பேரணாம்பட்டில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சீமையில் விலை விழுந்து, பதனிட்ட தோலைச் சீந்துவார் இல்லை. ஊரில் ஒவ்வொரு ஷாப்பாக மூடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் முதலாளிக்கு மட்டும் எப்படியோ மதராஸிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அந்தச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஷாப்பு ஓடும், இல்லாவிட்டால் பூட்டு. பூட்டு விழுந்தால் என் கல்யாணமும் கிடையாது. வேலையில்லாதவனுக்குத் தம் மகள் குப்பம்மாளைக் கொடுப்பதாக இல்லை என்று ஷாப்பு மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தார்.

பகல் சோற்று வேளையில் எல்லோருக்கும் பத்திரிகை படித்துக் காட்டுவது என் வழக்கம். படித்துப் படித்து, இத்தனை கஷ்டத்துக்கும் காரணம் நம் மாகாணத்தை ஆளும் லாட்டு துரைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மழை பொய்த்தால் நாட்டில் எவனோ பெரும்பாவி இருக்கிறான் என்று வைக்கோலில் கொடும்பாவி கட்டி, தெருவெல்லாம் இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். வியாபாரம் பொய்த்ததற்கும் ஒரு பாவி இருக்க வேண்டுமே? துரைக்கே கொடும்பாவி கட்டுவோம் என்றேன். மழைக்குச் செய்வது விலைக்குச் செல்லுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவன் சொல்கிறானே!

முதலாளி ஆம்பூர் போன நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். பொம்மைக்குக் கோணியில் கோட்டு, தலையில் ஒரு கிழிந்த தொப்பி. பாவியே ஆனாலும் பிணம் என்றால் கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும் என்றார்கள். யோசனை சொன்னவன் நான். ஆகவே துரைக்கு மூத்த மகனும் நானே. கல்யாணத்துக்கென்று எண்ணெய் தடவி வளர்த்த மீசையை நாவிதர் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வைத்த ஒப்பாரியில், துரை இன்னாரென்றே தெரியாத கிழவிகள்கூடக் கதறினார்கள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (பாவம், நல்ல மனுஷர்தானோ என்று ஒரு சந்தேகமும் வந்தது.)

ஷாப்பில் ஆள் மிச்சமில்லை. ஆர்டர் தோல் முழுவதும் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சுடுகாடு போய்ச் சேருமுன் கோடை மழை பிடித்துக்கொண்டது. கொடும்பாவி கட்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது. துரையை நடுத்தெருவில் போட்டுவிட்டுக் கூட்டம் ஷாப்புக்கு ஓடியது. அணைந்துபோன கொள்ளிச்சட்டியோடு நானும் ஓடினேன். அதைக் கீழே வைக்கலாம் என்று தோன்றவில்லை.

அதற்குள் திரும்பிவிட்டிருந்த முதலாளி, முற்றத்தில் தனியாக நின்று நனைந்த தோல்களை வாரிக் கொட்டகையில் போட்டுக்கொண்டிருந்தார். என் மீசையில்லாத முகத்தையும் கையிலிருந்த சட்டியையும் பார்த்தார்.

"யார்பா செத்தது?"

"லாட்டு துரைங்க, மொதலாளி."

"அவரு ஊட்டியில சௌக்கியமா கீறாரு. செத்தது நம்ம சரக்கு."

சொல்லிவிட்டு அடுத்த தோலை வாரப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. தோலெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை. மறுநாள் எல்லோரும் தொட்டியில் இறங்கி, தோலை மறுபடி பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு மிதித்தோம். முதலாளியும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினார். பாதிச் சரக்குதான் தேறியது. ஆனால் ஷாப்பு தப்பியது. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. மேஸ்திரி மட்டும், மாப்பிள்ளைக்கு மீசை முளைக்கட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்.

இப்போது நம் ஆட்களே மந்திரிகளாக ஆளுகிறார்கள். அரிசி விலை ஏறும்போதெல்லாம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மந்திரியை ஒரு பிடி பிடிக்கத் தொடங்குவேன். குப்பம்மாள் வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய், கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள்.