பதினாறு கோலிக்குண்டும் ஒரு கிளியர் பாட்டிலும்

என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கப் பன்னிரண்டு குழிகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் இன்றுவரை முட்டை உட்காராது. ஃபிரிட்ஜ் செய்தவன்மேல் குற்றமில்லை. நான்தான் காரணம். இந்த உண்மையை எழுத்தில் போடவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஒரகடம் பக்கம், கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டச்-அப் வேலை. பெயிண்டில் விழுந்த சின்னக் குறையைத் தேய்த்து, புள்ளி வைத்து, மறுபடி பளபளக்க வைக்க வேண்டும். என் கை நடுங்காது. ஆனால் நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் மீதி எல்லாம் நடுங்கும். காலையில் ஷிப்ட் தொடங்குமுன் லைனில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார்கள். இருப்பதிலேயே உயரமான ஆளாகப் பார்த்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். இருபது வருடமாக அதுதான் என் இடம்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவேன். (மீன்கள் யாரையும் பேசச் சொல்வதில்லை.) அப்படியே தூண்டில் ராடு ரிப்பேரும் கற்றுக்கொண்டேன். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையத்தை ராடின்மேல் வைத்து நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்த நூலின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூச வேண்டும். பெயிண்ட் தொழிலாளி என்பதால் நான் அதைக் கிளியர் என்பேன். அது இல்லாவிட்டால் நூல் பிரிந்து, வளையம் கழன்று, மீன் ஊருக்குப் போய்விடும்.

இந்தக் கிளியர் வெயிலில் காய்கிற சாதி இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். பூசின இடத்தில் இறுகினால் நல்லது. பாட்டிலுக்குள்ளேயே இறுகினால்? ஒருமுறை மூடியைத் திறந்துவிட்டால் போதும், நம் ஊர்க் காற்றுக்குப் பத்து நாளில் ஜெல்லி, பதினைந்தாம் நாள் கல். முதல் பாட்டில் அப்படித்தான் போனது. இரண்டாவதற்கு மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கினேன். மூடி ஒட்டிக்கொண்டது. கட்டிங் பிளேயரால் திருகினேன். மூடி அப்படியே இருக்க, பாட்டிலின் கழுத்து கையோடு வந்தது.

மூன்றாவது பாட்டில் வந்த நேரத்தில்தான் கோபாலன் சார் ரிடையர் ஆனார்.

கோபாலன் சார் எங்கள் குவாலிட்டி பிரிவின் தலைவர். என் டச்-அப்பை இருபது வருடமாக டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர். சரியாக இருந்தால் “ஓகே.” சரியில்லையென்றால் விரலை மட்டும் அந்த இடத்தில் வைப்பார், பேச மாட்டார். அந்த விரலுக்குப் பயந்தே நான் வேலை கற்றேன். வெள்ளிக்கிழமை அவருக்கு வழியனுப்பு விழா. என்ன கொடுக்கலாம் என்று சூப்பர்வைசர் காலைக் கூட்டத்தில் கேட்டார்.

“சுவர்க் கடியாரம்” என்றது ஒரு குரல்.

“இன்னா தலைவா, வூட்டுக்குப் போறவருக்கு எதுக்கு டைம்?” என்றான் என் பக்கத்து டேபிள் செல்வம். “சார் ஞாயித்துக்கெழமை ஆனா ஏரிலதான் கீறாரு. சோக்கா ஒரு தூண்டில் ராடு வாங்கிக் குடுப்போம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது ஒரு கை மேலே போனது. யாருடைய கை என்று நானும் பார்த்தேன். என்னுடையது.

“ராடை நானே கட்டறேன். சார் பேரையும் எழுதி, மேல கிளியர் போட்டுத் தரேன்.”

மொத்த லைனும் திரும்பிப் பார்த்தது.

“சேவியரண்ணே, உனக்கு வாயி கீதா?” என்றான் செல்வம்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதற்கும் கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அந்தத் தைரியம் எனக்கு இன்னொரு இருபது வருடத்துக்கு வராது. ஆகவே செய்து முடிப்பது ஒன்றே வழி என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் வளையங்கள் கட்டி, பிடிக்கு மேலே தங்க நிறத்தில் ‘கி. கோபாலன்’ என்று எழுதி, முதல் பூச்சும் போட்டாகிவிட்டது. அந்த வேலையில் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. இரண்டாவது பூச்சு வியாழன் ஷிப்ட் முடிந்து வந்ததும். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சமிருந்தது. இன்னொன்று தபாலில் வர ஒரு வாரம் ஆகும். (“நம்ம லைன்லயே கிளியர் டிரம்மு டிரம்மா கீதே?” என்று செல்வம் கேட்டான். கேட்டைத் தாண்டி ஒரு சொட்டு போகக்கூடாது, அது அவனுக்கும் தெரியும். தவிர, அது அடுப்பில் வேகிற கிளியர். அதை வேக வைக்கக் கோபாலன் சாரின் ராடைப் பம்பர் அடுப்புக்குள் நுழைக்க முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.)

ஆக, ஒரே பாட்டில். அதைக் காப்பாற்றியாக வேண்டும். யோசித்தேன். குளிரில் எதுவும் மெதுவாகத்தான் இறுகும், ஆகவே ஃபிரிட்ஜ். தலைகீழாக வைத்தால் ஆடை கட்டுவது அடிப்பக்கம் போய்விடும், வாய் சுத்தமாக இருக்கும், ஆகவே கவிழ்த்து. முட்டைக் குழியில் கவிழ்ந்த பாட்டில் அழகாக நின்றது.

“இன்னாங்க இது, முட்டைங்க நடுவுல?” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

“மருந்து.”

“யாருக்கு?”

“ராடுக்கு.”

“அப்ப ராடையும் உள்ள படுக்க வெச்சி, கதவச் சாத்திட்டு நீங்க வெளிய நில்லுங்க.”

வியாழன் காலை ஐந்து மணி. சேரப்பணஞ்சேரி மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு வரும். கிளம்புமுன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே மெல்லிய ஒரு ஆடை மிதந்தது. பாட்டிலுக்குள் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. காற்றுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டால்?

கோலிக்குண்டு! உள்ளே குண்டுகளைப் போட்டால் கிளியர் கழுத்துவரை ஏறும், காற்று வெளியே போகும். இப்போதும் சொல்கிறேன், யோசனை நல்ல யோசனை. ஹால் மூலையில் என் மகள் ஷெர்லியின் மீன் தொட்டி காலியாகக் கிடந்தது. (தொட்டியில் இருந்த மீன்கள் ஷெர்லி நர்சிங் சேர்ந்த வாரமே காலமாகிவிட்டன.) அடியில் பாசியும் தூசியுமாகக் கோலிகள். பதினாறு எண்ணி எடுத்தேன்.

இங்கேதான் பெயிண்ட் வேலைப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. எங்கள் பெயிண்ட் அறைக்குள் ஒரு தூசி போகக்கூடாது. காற்றால் ஊதி, துணியால் துடைத்து, தலைமுடிக்குத் தொப்பி போட்டுத்தான் ஆளையே உள்ளே விடுவார்கள். இருபது வருடம் அப்படி வளர்ந்த கை, அழுக்குக் கோலியைக் கிளியருக்குள் போடுமா? பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு மூன்று முறை கழுவினேன். குழாயடியில் பளபளவென்று மின்னின. துண்டால் துடைக்கத் தொடங்கியபோது பஸ் ஹாரன் கேட்டது. ஏழு துடைத்திருப்பேன். மீதியை உதறினேன். உதறிப் போட்டேன். மூடியை இறுக்கி, டெஃப்லான் டேப் சுற்றி, அதற்கும் மேல் மெழுகுவர்த்தி உருக்கி ஊற்றி, கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினேன்.

ஈரம் ஆகாது, ஈரம் ஆகாது என்று மூன்று பாட்டில் காலமாக ஜபம் செய்துகொண்டிருந்த மனிதன், குழாய்த் தண்ணீரோடு ஒன்பது கோலியை உள்ளே போட்டுச் சீல் வைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருப்தியாகத் தூங்கினான்.

மூன்றரைக்கு வீடு திரும்பினேன். சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றும்போது ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து ஒரு சத்தம். ‘டொப்.’ அதன் பின்னாலேயே கடகடவென்று கோலிகள் உருளும் சத்தம்.

“கம்ப்ரஸர் போச்சு!” என்றாள் ஸ்டெல்லா.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிளியரில் தண்ணீர் பட்டால் இறுகுவது மட்டுமில்லை, நுரைத்துக் காற்றையும் கக்கும். அந்தக் காற்று வெளியே போக ஒரு வழியும் இல்லாமல் அவ்வளவு பாடுபட்டு அடைத்தவன் நான்தானே. கதவைத் திறந்தேன். மூடி தயிர்ப் பாத்திரத்தில் கிடந்தது. உடைந்த முட்டை மூன்று. உடையாத முட்டைகளுக்கெல்லாம் பம்பர் தோற்கும் பளபளப்பு. கீழே கொத்தமல்லிக் கட்டின்மேல் தேன் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு மத்தியானம் குடுக்கணும் ஸ்டெல்லா” என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, “குழியில நிக்குது பாருங்க” என்றாள்.

உண்மைதான். பாட்டிலில் இருந்தது நுரைக் கல். ஆனால் வெளியே தெறித்த கொஞ்சம், ஐந்து முட்டைக் குழிகளில் இன்னும் தண்ணியாகத் தேங்கியிருந்தது. அது எவ்வளவு நேரம் அப்படி இருக்கும் என்று கடவுளுக்கே வெளிச்சம். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட (நல்லவேளை, தண்ணீரிடம் அன்று பாடம் படித்திருந்தேன்) போகாமல் வேட்டியில் துடைத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு டீஸ்பூனால் வழித்தேன். ஸ்டெல்லா ராடை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக உருட்டினாள். நான் பிரஷ்ஷால் பூசினேன். ‘கி’யில் தொடங்கி ‘ன்’னில் முடிக்கும்போது ஸ்பூனில் ஒரு சொட்டுகூட இல்லை. ஃபிரிட்ஜ் கதவு அரை மணி நேரமாகத் திறந்தபடி கூவிக்கொண்டிருந்தது. அதை மூடவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குழிகளில் வழிக்க வராமல் ஒட்டியிருந்தது அங்கேயே கல்லாகிவிட்டது.

வெள்ளி விடியற்காலை ராடை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி. குமிழி இல்லை, கோடு இல்லை. டச்-அப் பழக்கத்தில் லைட்டுக்குக் கீழே சாய்த்தேன். ‘கோபாலன்’ முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், பூச்சுக்கு உள்ளே, ஒரு முழுக் கொத்தமல்லி இலை. நரம்பு முதற்கொண்டு தெளிவாக.

நகத்தால் சுரண்டினேன். நகம்தான் போனது. தேய்த்து எடுத்தால் பெயரும் போகும். பஸ் ஹாரன் அடித்தது. ராடைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

விழாவில் சால்வை போட்டார்கள், பேசினார்கள். ராடைக் கையில் வாங்கியதும் கோபாலன் சார் செய்த முதல் காரியம், டியூப் லைட்டைத் தேடி அதன் கீழே ராடைச் சாய்த்ததுதான். சாய்த்தார். திருப்பினார். இருபது வருடமாக நான் பயந்த அந்த விரல் மெதுவாக நகர்ந்து போய் இலைமேல் நின்றது.

“இது என்ன?”

கேன்டீனில் அத்தனை பேரும் உயரமாக இருந்தும் ஒளிய முதுகு கிடைக்கவில்லை. செல்வம் பின்னாலிருந்து தள்ளினான். “சொல்லுண்ணே, சாரு கேக்கறாரு இல்ல.”

“கொத்தமல்லி, சார்.”

“கொத்தமல்லி எப்படி உள்ளே வந்தது?”

சொல்ல ஆரம்பித்தேன். யாரோ மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள். ஃபிரிட்ஜ், கவிழ்த்த பாட்டில், மீன் தொட்டி, கோலி கழுவியது வரை வந்தபோது பெயிண்ட் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். தண்ணீரோடு போட்டேன் என்றதும் கேன்டீனே எழுந்து நின்றது. நான் நிறுத்தவில்லை. மூடி தயிரில் விழுந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா ராடை உருட்டியதையும் சொன்னேன். என் ஆயுளில் மொத்தமாகப் பேசியதைவிட அன்று அதிகம் பேசினேன்.

கோபாலன் சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பொருளில் சின்னக் குறை இருக்கும், ஆனால் பயன்பாட்டுக்கு ஒன்றும் கெடுதலில்லை என்றால், குவாலிட்டித் தலைவர் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பலாம். அதற்கு டீவியேஷன் என்று பெயர். கோபாலன் சார் அந்தக் கையெழுத்தை லேசில் போட மாட்டார் என்பது ஊரறிந்தது.

“பேனா இருக்கா?” என்றார். ராடோடு வந்த அட்டையை வாங்கி எழுதினார். பிறகு எல்லோரும் கேட்க வாசித்தார்: “இலை ஒன்று. டீவியேஷனில் பாஸ்.” கீழே தேதியோடு கையெழுத்து. சர்வீஸில் அதுதான் அவருடைய கடைசிக் கையெழுத்து.

இப்போது நான் கிளியர் பாட்டிலைத் திறப்பதே இல்லை. வந்த அன்றே ஊசி போடும் சிரிஞ்சுகளில் காற்றில்லாமல் நிறைத்து, முனையை அடைத்து, ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் பூட்டி வைக்கிறேன். ஒரு சிரிஞ்சு, ஒரு ராடு. ஆறு மாதமானாலும் தண்ணியாகவே இருக்கிறது.

வீட்டில் மட்டும் அந்த விஷயம் இறுகிவிட்டது. தோசை தீய்ந்தால், “டீவியேஷன்ல பாஸ்.” ஷெர்லி பரீட்சையில் எல்லையில் தேறினால், “டீவியேஷன்ல பாஸ்.” போன மாதம் ஷெர்லியைப் பெண் பார்க்க குன்றத்தூரிலிருந்து வந்தார்கள். பையன் நல்ல பையன், ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலு வார்த்தைதான் பேசினான். அவர்கள் போனதும் ஷெர்லி அம்மாவைக் கேட்டாள்:

“இன்னாம்மா இது, வாயே தொறக்க மாட்றாரு. எப்டிம்மா ஓகே சொல்றது?”

ஸ்டெல்லா என்னைத் தலையிலிருந்து கால்வரை, லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இருவத்திநாலு வருசம் முன்னாடி நான் கையெழுத்துப் போடல?”