வளையத்தில் நின்ற முட்டை

ஒரு காட்டில், அதாவது நான்கு வேலமரமும் நாற்பது உடைமரமும் ஒரு வேப்பமரமும் பாதி வற்றிய ஒரு குளமும் தங்களைக் காடு என்று சொல்லிக்கொண்ட இடத்தில், ஒன்பது தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. அவை ஒன்றாகத் திரியும், ஒன்றாகத் தின்னும், ஒன்றாகப் பேசும். ஒன்று பேசும்போது மற்றவை கேட்கும் வழக்கம் மட்டும் அவற்றிடம் இல்லை.

அவற்றுக்கு ஒரு துன்பம் இருந்தது. ஆண்டுதோறும் மழைக்குச் சற்று முன்னால் ஒரு சுடலைக்குயில் அங்கே வருவாள். முதுகு முழுக்கக் கறுப்பு, மார்பு வெள்ளை, தலையில் கொண்டை. நீதிமன்றத்திலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த வக்கீலைப் போல இருப்பாள். அவள் கூடு கட்டமாட்டாள். அடைகாக்கமாட்டாள். குஞ்சுக்கு ஒரு புழுவைக்கூடப் பிடித்துத் தரமாட்டாள். தவிட்டுக்குருவி இரை தேடப் போகும் நேரம் பார்த்து, அதன் கூட்டில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடுவாள். தவிட்டுக்குருவி முட்டை நீலம். குயிலின் முட்டையும் அதே நீலம். கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

போன ஆண்டு பவளாயி என்ற தவிட்டுக்குருவியின் கூட்டில் அப்படி ஒரு முட்டை வந்து சேர்ந்தது. அதிலிருந்து வந்த குஞ்சு நான்கு வாய்க்கான தீனியைத் தன் ஒரு வாயில் வாங்கிக்கொண்டது. பவளாயியின் சொந்தக் குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்தபடியே மெலிந்து செத்துப்போயின. வளர்ந்த குஞ்சு ஒரு நாள் கறுப்புக் கோட்டோடு எழுந்து நின்று, வேற்று மொழியில் ஏதோ இரண்டு வார்த்தை கூவிவிட்டுப் பறந்துபோனது. அதற்கு 'போய் வருகிறேன் அம்மா' என்று பொருளாக இருக்கும் என்று பவளாயி பல நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தன் குஞ்சு ஒன்று, ஒன்றே ஒன்று, பிழைத்துப் பறக்க வேண்டும்.

மேகம் கறுத்ததும் தவிட்டுக்குருவிகளின் கூட்டம் கூடியது. தலைவர் மாசானம் உயரமான கிளையில் அமர்ந்தார்.

"அவ வரும்போதே நாம ஒம்பது பேரும் ஒண்ணாச் சேந்து கத்திக் கொத்துவோம் அண்ணாச்சி. பிறகு இந்தப் பக்கமே திரும்ப மாட்டா," என்றாள் பவளாயி.

"கொத்துறதா? நாம என்ன காக்காயா?" என்றார் மாசானம். "எதையும் முறைப்படி செய்யணும்."

"முறைப்படின்னா?"

"குழு போடணும்."

குழு போட்டார்கள். பவளாயிக்குக் கூடு கட்டும் வேலை இருந்ததால் அவளைச் சேர்க்கவில்லை. அவள் கணவன் உட்பட மற்ற எட்டுப் பேரும் உறுப்பினர் ஆனார்கள். குழு ஆறு நாள் உட்கார்ந்து ஆராய்ந்தது. அந்த ஆறு நாளில் பவளாயி மூன்று முட்டை இட்டாள். நான்காவதைக் குயில் இட்டாள். அப்போது பவளாயி குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்ற எட்டுப் பேரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

பவளாயி எண்ணிப் பார்த்துவிட்டு ஓடினாள். "அண்ணாச்சி, நான் இட்டது மூணு. கூட்டுல நாலு கிடக்கு."

"எண்ணிக்கையை வச்சு எதையும் சொல்லிர முடியாதும்மா. அறிக்கை வரட்டும்," என்றார் மாசானம்.

ஏழாம் நாள் அறிக்கை வந்தது. கள்ளச் சரக்கு என்றால் எப்போதும் அளவில் குறைவாகத்தான் இருக்கும் என்று குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே கோரைப்புல்லில் ஒரு வளையம் பின்ன வேண்டும். முட்டையை அதன்மேல் வைக்க வேண்டும். நின்றால் நல்ல முட்டை. உள்ளே விழுந்தால் கள்ள முட்டை. வளையம் பின்னுவதற்குத் தூக்கணாங்குருவி சம்மதித்துவிட்டது. ஆனால் அதற்கு அளவு வேண்டும். அந்த அளவுக்கு, முதலில் வந்து பதிவு செய்யும் தாயின் முட்டையே மாதிரி முட்டை.

வேப்பமரத்தடியில் 'முட்டைச் சரிபார்ப்பு மையம்' திறக்கப்பட்டது. அதிகாரியாக ஓணான் அமர்ந்தது. யார் எதைச் சொன்னாலும் ஓணான் தலையை ஆட்டும். இந்தத் தகுதி அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லை. வேலை நேரம் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை. விண்ணப்பம் மூன்று பிரதி. தாய் நேரில் வர வேண்டும்.

முதல் நாள் பவளாயி போனாள். அவளுக்கு முன்னால் பதின்மூன்று பேர் நின்றார்கள். நத்தை ஒன்று முகவரி மாற்றத்துக்கு வந்திருந்தது. அது நகர்ந்த ஒவ்வொரு முறையும் முகவரி மாறியதால், விண்ணப்பத்தை மறுபடி மறுபடி எழுத வேண்டியிருந்தது.

"சார், முட்டை ஆறிப்போகும். என்னைக் கொஞ்சம் முன்னால விடுங்க," என்று பவளாயி கெஞ்சினாள். ஓணான் தலையை ஆட்டியது. யாரும் விலகவில்லை. அரை மணி நேரம் பொறுத்துவிட்டு அவள் கூட்டுக்குப் பறந்தாள்.

இரண்டாம் நாள் போனாள். ஓணான் தோல் உரிக்க விடுப்பில் போயிருந்தது.

மூன்றாம் நாள் அவள் கூட்டைவிட்டு எழுவதற்குள் மழை வந்துவிட்டது. முட்டைகளை இறக்கையால் மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். நாத்தனார் தங்கபுஷ்பம் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து இறகை உதறினாள்.

"போகலையா மதினி? இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"நீ வந்து ஒரு மணி நேரம் உக்காரேன், போயிட்டு வந்துருதேன்."

"எனக்குக் குழு இருக்குல்லா," என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் பறந்துபோனாள்.

ஆனால் அன்று வேப்பமரத்தடியில் விடியற்காலையிலேயே ஒரு தாய் வந்து முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள். கட்ட வேண்டிய கூடு அவளுக்கு இல்லை. மூட வேண்டிய முட்டையும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். மழையில் கொண்டைகூடக் கலையவில்லை.

"கூட்டின் முகவரி?" என்று ஓணான் கேட்டது.

"வேலமரம், இரண்டாவது கிளை," என்றாள் குயில். அது பவளாயியின் முகவரி. பொய் என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய முட்டையும் அங்கேதான் இருந்தது.

"நீங்க தவிட்டுக்குருவியா? பாத்தா அப்படித் தெரியலையே?"

"என் பிள்ளைகள் எல்லாரும் தவிட்டுக்குருவி வீட்டில்தான் வளர்கிறார்கள் சார். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்."

ஓணான் தலையை ஆட்டியது. "மாதிரி முட்டை கொண்டுவந்திருக்கீங்களா?"

"மழையில் எதற்குச் சுமந்து வர வேண்டும்? இங்கேயே தந்துவிடுகிறேன்," என்ற குயில் மேசைமேல் ஏறி அமர்ந்து எழுந்தாள். நீல முட்டை ஒன்று அங்கே கிடந்தது. அவள் இனத்தாருக்கு அதற்கு மூன்று நொடி போதும். அதற்கு மேல் யாருடைய கூட்டிலும் தங்கிப் பழக்கமில்லை.

அந்த முட்டையின் அளவுக்கு வளையம் தயாரானது. குயிலுக்கு 'மாதிரித் தாய்' என்ற சான்றிதழ் கிடைத்தது.

மறுநாள் மாசானமும் குழுவும் வளையத்தோடு பவளாயியின் கூட்டுக்கு வந்தார்கள். முதல் முட்டையை வைத்தார்கள். உள்ளே விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நான்காவது வளையத்தின்மேல் கம்பீரமாக நின்றது.

"பாத்தியா? ஒண்ணு உன்னுது. மூணு கள்ளம்," என்றார் மாசானம். "அவ எவ்வளவு துணிஞ்சிருக்கா பாரேன், மூணு முட்டை!"

"அய்யோ அண்ணாச்சி, அந்த மூணும் நான் இட்டது! எனக்குத் தெரியாதா?"

"தாய் சொல்றதை நம்பி ஏமாந்ததாலதான போன வருசம் அந்தக் கதி ஆச்சு?"

"வளையம் பெருசா இருக்கு, அதான் விழுது."

"வளையம் பெருசா இருக்கா, முட்டை சிறுசா இருக்கான்னு முடிவு பண்ண வேண்டியது வளையந்தான்," என்றார் மாசானம். மற்ற ஏழு பேரும் ஒன்றாகப் பேசி ஆமோதித்தார்கள். மூன்று நீல முட்டைகளையும் கூட்டின் விளிம்புக்கு உருட்டிக் கீழே தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவன் பவளாயியின் கணவன். கடமை தவறாதவன் என்று குழு அவனைப் பாராட்டியது.

அடுத்த நாள் பவளாயி மறுபடி ஒரு முட்டை இட்டாள். இந்த ஆண்டுக்கு அதுதான் கடைசி. குழு மீண்டும் வரும். வளையம் மாறாது. அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு குளத்துக்குப் போய் அலகு நிறையக் களிமண் எடுத்து வந்து, தன் முட்டையைச் சுற்றி மெல்லப் பூசினாள். குயிலின் முட்டை அளவு வரும்வரை பூசினாள். தன் முட்டை தன் கூட்டில் இருக்க வேண்டுமானால், அது பார்ப்பதற்கு வேறொருத்தியின் முட்டை போல இருந்தாக வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

குழு வந்தது. மண் பூசிய முட்டை வளையத்தின்மேல் நின்றது. அது நீலமாக இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. வளையத்துக்கு நிறம் தெரியாது.

"இது முட்டை!" என்று மாசானம் மெச்சினார். "போன தடவை மாதிரி இல்லாம இப்பவாவது ஒழுங்கா இட்டிருக்கே."

அவர்கள் போனதும் பவளாயி மண்ணை மெல்ல மெல்லக் கொத்தி உதிர்த்தாள்.

குயில் குஞ்சு முதலில் வெளிவந்தது. ஒரு வாரம் கழித்து, தவிட்டு நிறத்தில், தலை கலைந்து, ஓயாமல் கத்திக்கொண்டு பவளாயியின் குஞ்சு வெளிவந்தது. இந்த முறை அவள் பெரிய வாய்க்கு ஒன்று, சின்ன வாய்க்கு இரண்டு என்று ஊட்டினாள். சின்னது தேறியது. இறக்கை முளைத்தது. கூட்டின் விளிம்பில் ஏறி நின்று கீழே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு நாளில் பறந்துவிடும்.

அப்போதுதான் குயில் தன் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பார்க்க வந்தாள். மரத்தடியில் காய்ந்த மண் ஓடுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் உட்புறம் முட்டை போல வளைந்திருந்தது. குயில் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மறுநாள் விடியற்காலையில் வரிசையில் முதல் ஆளாக நின்று புகார் கொடுத்தாள்.

விசாரணை வேலமரத்தடியில் நடந்தது.

"என் முட்டை மாதிரியே போலி செய்திருக்கிறாள்," என்றாள் குயில். "இவ்வளவு ஏமாற்று வேலை நடக்கிற காட்டில், யாரை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்?"

ஓணான் தலையை ஆட்டியது.

"அண்ணே, இவ குயில்லா!" என்றாள் தங்கபுஷ்பம்.

"வாயை மூடுட்டி. மாதிரித் தாய்னு சான்றிதழ் இருக்குல்லா," என்றார் மாசானம். பிறகு இரண்டு குஞ்சுகளையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்று கறுப்புக் கோட்டுப் போடத் தொடங்கியிருந்தது. மற்றொன்று அவரைப் போலவே தவிட்டு நிறம், அவரைப் போலவே கலைந்த தலை. அவர் பேசும்போதே அதுவும் குறுக்கே பேசியது.

"அப்படியே நம்ம சாடை அண்ணே," என்றாள் தங்கபுஷ்பம்.

"அதான் எனக்குச் சந்தேகமே!" என்றார் மாசானம். "போலின்னா அசல் மாதிரிதான இருக்கும்? அசல் எதுக்குட்டி அசல் மாதிரி இருக்கணும்?"

இதற்குப் பதில் சொல்ல மற்ற ஏழு பேரில் ஒருவராலும் முடியவில்லை. ஆகவே அது தீர்ப்பாயிற்று. போலி முட்டையில் பிறந்த குஞ்சைக் கூட்டத்திலிருந்து நீக்க வேண்டும். போலி செய்த தாய், மாதிரித் தாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"கேளும்மா," என்றார் மாசானம்.

பவளாயி குயிலின் பக்கம் போனாள். போன வேகத்தில் அவள் கொண்டையில் ஒரு கொத்துக் கொத்தினாள். ஒரே கொத்து. குயில் அலறிக்கொண்டு குளத்தைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத தூரம் பறந்துபோனாள். எல்லாம் முடிய மூன்று நொடி ஆனது.

எட்டுத் தவிட்டுக்குருவிகளும் வாழ்க்கையில் முதல்முறையாக வாயடைத்து நின்றன.

"அலுவல் நேரத்துல புகார்தாரரைக் கொத்துறதா?" என்றார் மாசானம் கடைசியில். "இவளையும் சேத்து நீக்குங்க!"

பவளாயி குஞ்சை முன்னால் தத்த விட்டு, புதர் புதராக அதை அழைத்துக்கொண்டு குளத்தின் அக்கரைக்குப் போனாள். அங்கே இரண்டு உடைமரங்கள் மட்டும் நின்றன. அதைக் காடு என்று யாரும் சொல்லாததால் அங்கே அலுவலகமும் இல்லை. இரண்டாம் நாள் அவள் குஞ்சு முதல் மரத்திலிருந்து இரண்டாவது மரத்துக்குப் பறந்தது. போய்ச் சேர்ந்ததும் தாயின் மொழியில் ஓயாமல் பேசியது. ஒரு வார்த்தை விடாமல் பவளாயிக்குப் புரிந்தது.

இக்கரையில் அந்தக் கறுப்புக் கோட்டுக் குஞ்சை எட்டுப் பேரும் முறை வைத்து வளர்த்து அனுப்பினார்கள். ஆண்டறிக்கையில், கைப்பற்றி அழிக்கப்பட்ட கள்ள முட்டைகள் மூன்று, நல்ல முறையில் வளர்ந்த குஞ்சு ஒன்று என்று எழுதினார்கள். தங்கபுஷ்பம் மட்டும் சில நாள் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் குழு இருந்தது.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் குயில் வந்து வேப்பமரத்தடியில் முதல் ஆளாக நின்றாள். உரிமையோடு இரண்டு மகள்களையும் அழைத்து வந்திருந்தாள். பவளாயி கொத்திய இடத்தில் கொண்டை இன்னும் சரியாக முளைக்கவில்லை. வரிசையில் வேறு தாய்மார் இல்லை. ஓணான் அவளை அடையாளம் கண்டுகொண்டு தலையை ஆட்டியது.

நீதி: உங்கள் முட்டை உங்களுடையதுதான் என்று நிரூபிக்க விரும்பினால், அதன்மேல் உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதைக் குளிரில் போட்டுவிட்டு விடியும் முன்பே போய் வரிசையில் நில்லுங்கள்.